தருமபுரியில் ஒரு 20 லட்சம்: யாரிடம் யோசனை கேட்பது, யாருக்கு எவ்வளவு போகும்

ஓய்வுபெற்ற பணமோ, சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த பணமோ, ஒரு பெரிய தொகை கணக்கில் ஏறிய வாரத்திலேயே யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வங்கியிலிருந்து போன் வரும். பாலிசி போடும் பங்காளி வீட்டுக்கு வருவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மியூச்சுவல் ஃபண்ட் ஆபீஸ் வைத்திருக்கும் தம்பி ஒரு கார்டைக் கொடுப்பார். எல்லாரும் தவறாமல் சொல்லும் வரி: "எங்களுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

தராவிட்டாலும் காசு எங்கிருந்தோ அவர்களுக்கு வருகிறது. எங்கிருந்து, எப்போது, எதை விற்றால் கூடுதலாக வருகிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால், யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தெளிந்துவிடும். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

கணக்குக்கு ஒரு ஆள் வேண்டும். என் சித்தப்பாவையே எடுத்துக்கொள்வோம். காரிமங்கலம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து 60 வயதில் ஓய்வுபெற்றவர். பென்ஷன் வருகிறது. கையில் 20 லட்சம். போனில் வாட்ஸ்அப்பைத் தாண்டி எதையும் தொடமாட்டார்.

முதலில் பாலிசிக்காரர்

அவரைத் தேடி முதலில் வந்தவர் அவரிடமே படித்த மாணவர், இப்போது காப்பீட்டு ஏஜென்ட். கார் கண்ணாடியில் எம்.டி.ஆர்.டி. ஸ்டிக்கர், அதிகம் விற்ற ஏஜென்ட்டுகளுக்குக் கிடைக்கும் அடையாளம். "சார், வருஷம் ஒரு லட்சம்தான். பன்னெண்டு வருஷம் கட்டினா போதும், அப்புறம் ஆயுசு பூரா வருமானம். மொத தவணையில பாதிய நானே போட்டுடறேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நிறைய விஷயம் இருக்கிறது. 50 ஆயிரத்தைத் தன் கையிலிருந்து போட ஒருவரால் முடிகிறதென்றால், அதைவிடப் பெரிய தொகை அவருக்கு வரப்போகிறது என்றுதானே அர்த்தம்? ஏஜென்ட் கமிஷனோடு ஊக்கப் பரிசும், டெவலப்மென்ட் ஆபீசர் டார்கெட்டும், மார்ச் மாதப் போட்டிகளும் சேரும்போதுதான் இப்படிப்பட்ட தாராளம் வரும். தவிர, பிரீமியத்தில் தள்ளுபடி கொடுப்பதை 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 41ஆம் பிரிவு தடைசெய்கிறது. அதை வாங்கிக்கொள்வதும் குற்றம்தான். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

சரி, அவருக்கு எவ்வளவு வரும்? 2023 வரை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி வகைவாரியாக உச்சவரம்பு வைத்திருந்தது. 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ பிரீமியம் கட்டும் பாலிசி என்றால் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை, அடுத்த ஆண்டுகளில் 7.5 சதவீதம் வரை. கட்டும் காலம் வெறும் 5 ஆண்டு என்றால் முதல் ஆண்டு 15 சதவீதம்தான். ஒரே தவணையில் மொத்தமாகக் கட்டினால் 2 சதவீதம். 2023ல் இந்த வகைவாரி வரம்பை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்தார்கள். கமிஷன் எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. பாலிசியை நடுவில் விட்டால் திரும்பக் கிடைக்கும் சரண்டர் தொகையை உயர்த்திய புது விதிகள் 2024 அக்டோபரில் வந்தபின் முதல் ஆண்டுக் கமிஷனைக் கொஞ்சம் குறைத்தவர்களும் உண்டு. ஆனாலும் நீண்ட காலம் கட்டும் பாலிசிக்கு அதிகம், ஒரே தவணைக்குக் குறைவு என்ற சாய்வு மாறவில்லை.

பழைய வரம்பை வைத்தே போட்டுப் பார்ப்போம். வருடம் 1 லட்சம், 12 வருடம். முதல் வருடம் 35,000. அடுத்த 11 வருடம் 7,500 வீதம் 82,500. மொத்தம் 1,17,500 ரூபாய். அதே 12 லட்சத்தை ஒரே தவணையாகக் கட்டியிருந்தால் 24,000 ரூபாய்தான். கையில் மொத்தமாகப் பணம் வைத்திருக்கும் 60 வயதுக்காரரிடம் ஏன் ஒருவர் "பன்னெண்டு வருஷம்" என்று ஆரம்பிக்கிறார் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. 72 வயது வரை சித்தப்பா பிரீமியம் கட்ட வேண்டும்! நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்து நின்றுபோனால் நஷ்டம் அவருக்கு, முதல் வருடக் கமிஷன் மாணவருக்கு.

இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் பாலிசிக்கு முதல் ஆண்டு 40 சதவீதம் வரைகூட அனுமதி இருந்தது. ஆனால் அதன் பிரீமியம் 15 ஆயிரம் என்றால் கமிஷன் 6,000 தாண்டாது. இளவயதுக் குடும்பத் தலைவருக்கு அவசியமான அந்தப் பாலிசியைப் பற்றி யாரும் வீடு தேடி வந்து பேசாததற்குக் காரணம் அதுதான். ஏஜென்ட்டைத் திட்டுவதில் பயனில்லை. அவருக்குச் சம்பளம் கிடையாது, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் முதலீட்டு யோசனை கேட்க வேண்டிய ஆள் அவர் அல்ல என்பது என் முடிவு. டெர்ம் பாலிசி எடுக்கவும், நாளைக்கு கிளெய்ம் என்று வந்தால் கூட அலையவும் அவரே நல்ல ஆள்.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஸ்டாம்ப் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு மாதிரி சிலவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வங்கியில் ஏசி அறை

வங்கி அதிகாரிக்கு மாதச் சம்பளம் வருவதால் அவர் நடுநிலையாகத்தான் பேசுவார் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. ஆனால் வங்கிகள் காப்பீட்டு நிறுவனங்களின் கார்ப்பரேட் ஏஜென்ட், மியூச்சுவல் ஃபண்டுக்கு விநியோகஸ்தர். கமிஷன் வங்கிக்குப் போகிறது, கிளைக்கு டார்கெட் வருகிறது, அதிகாரியின் பதவி உயர்வும் போனஸும் அந்த டார்கெட்டோடு கட்டியிருக்கின்றன. வங்கியே ஒரு ஃபண்ட் நிறுவனத்தையும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தையும் நடத்தினால் பரிந்துரை எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏஜென்ட்டைவிட இதில் ஒரு குறை கூடுதல். பங்காளி ஏஜென்ட் அடுத்த பொங்கலுக்கும் நம் முகத்தில் விழிக்க வேண்டும். வங்கி அதிகாரி இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். "டெபாசிட் மாதிரிதான் சார், அஞ்சு வருஷத்துல எடுத்துக்கலாம்" என்று சொன்னவரை அதன்பின் எங்கே போய்த் தேடுவது? டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனவர், காப்பீடும் சந்தை முதலீடும் கலந்த யூலிப் பத்திரத்தோடு வீடு திரும்பிய கதை எல்லா ஊரிலும் உண்டு. லாக்கர் வேண்டுமானால் பாலிசி எடுங்கள் என்றால் முடியாது என்று சொல்லுங்கள். லாக்கருக்காக மூன்று வருட வாடகையும் உடைப்புச் செலவும் ஈடாகும் அளவு டெபாசிட் கேட்க வங்கிக்கு அனுமதி உண்டு. பாலிசி கேட்க இல்லை.

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்

இவருடைய வருமானம் வேறு மாதிரி. 2009 ஜூலை வரை நுழைவுக் கட்டணம் என்று முன்கூட்டியே 2.25 சதவீதம் வரை பிடித்தார்கள். 1 லட்சம் போட்டால் 97,750தான் முதலீடாகும். 2009 ஆகஸ்ட் 1 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அதை நிறுத்தியது. 2018 அக்டோபரில் ஃபண்ட் நிறுவனங்கள் மொத்தமாக முன்கமிஷன் தருவதையும் நிறுத்தி, பணம் இருக்கும் வரை வருடா வருடம் தரும் டிரெயில் கமிஷன் மட்டும் என்று ஆக்கியது. பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்டில், விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானுக்கும் நாமே நேராக வாங்கும் டைரக்ட் பிளானுக்கும் செலவு விகிதத்தில் (வருடா வருடம் நம் பணத்திலிருந்து கழியும் சதவீதம்) அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் வரை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் பெரும்பாலும் விநியோகஸ்தருக்குப் போவது.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கமிஷனைக் கண்ணெதிரே பில்லில் கழித்துவிட்டு மீதியைக் கொடுப்பார்கள். ஃபண்டில் அது என்.ஏ.வி.க்குள்ளேயே (ஒரு யூனிட்டின் விலை) தினம் தினம் கழிந்துவிடுவதால் கண்ணில் படாது. கண்ணில் படும் இடம் ஒன்றே ஒன்று. ஆறு மாதத்துக்கொரு முறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷன் எத்தனை ரூபாய் என்று ஃபண்ட்வாரியாக அச்சடித்திருக்கும். மெயிலில் வரும் அந்தக் கோப்பைத் திறக்க உங்கள் பான் எண்தான் பாஸ்வேர்டு. அதுவரை 'இலவசம்' என்று நம்பியவர்கள் அந்தப் பத்தியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பத்து வருடத்தில் இந்த ஒரு சதவீதம் எவ்வளவு ஆகும்? 10 லட்சம், ஒரு பேச்சுக்கு டைரக்டில் வருடம் 12 சதவீதம், ரெகுலரில் 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (யாரும் உத்தரவாதம் தர முடியாத எண்கள்). 31.06 லட்சத்துக்கு எதிராக 28.39 லட்சம். வித்தியாசம் 2 லட்சத்து 66 ஆயிரம் சொச்சம். சின்னத் தொகை இல்லை.

ஆனாலும் விற்பவருடைய ஆசையும் வாங்குபவருடைய நன்மையும் ஓரளவு ஒரே திசையில் போவது இந்த முறையில்தான். நம் பணம் வளர்ந்தால் அவர் கமிஷனும் வளரும். நாம் பயந்து எடுத்துவிட்டால் அவருக்கும் நின்றுபோகும். ஆகவே சந்தை விழும்போது "எடுக்காதீங்கண்ணா" என்று சொல்ல அவருக்குச் சுயநலக் காரணமும் இருக்கிறது. அதேசமயம் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டிலும், குறுகிய காலப் பணத்துக்கான லிக்விட் ஃபண்டிலும் டிரெயில் சொற்பம், ஆகவே அவற்றை அவர் தானாக எடுத்துப் பேசமாட்டார். 11 சதவீத வட்டிக்கு நகை அடமானத்தில் இருக்கும்போது "முதல்ல நகையை மீட்டுடுங்க" என்றும் சொல்லமாட்டார். எந்தக் கமிஷன்காரரும் சொல்லாத நல்ல யோசனை அது.

நம் மாவட்டங்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இங்கே உண்டு. பெரிய 30 நகரங்களுக்கு வெளியே இருந்து வரும் முதலீட்டுக்கு ஃபண்டுகள் கூடுதலாக 0.30 சதவீதம் வரை செலவு பிடித்து, விநியோகஸ்தருக்குச் சிறப்புக் கமிஷன் தர ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்தக் கணக்கில் வரும். துஷ்பிரயோகப் புகார்களால் 2023 மார்ச்சில் அதை நிறுத்திவைத்தார்கள். 2025 இறுதியில் செபி வேறு வடிவத்தில் ஒன்றை அறிவித்தது. இந்த ஊர்களிலிருந்து புதிய பான் எண்ணோடு முதன்முறை முதலீடு செய்பவரைக் கொண்டுவந்தால், முதல் தொகையிலோ முதல் வருட எஸ்.ஐ.பி.யிலோ (மாதாமாதம் போடும் தவணை) 1 சதவீதம், அதிகபட்சம் 2,000 ரூபாய், பணம் ஒரு வருடமாவது இருக்க வேண்டும். புதிதாக வரும் பெண் முதலீட்டாளர் என்றால் எந்த ஊரானாலும் உண்டு. "அக்கா பேர்ல ஒண்ணு ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்பது அதிகமானால் காரணம் புரிந்துகொள்ளுங்கள். தப்பில்லை, அக்காவுக்குச் சொந்தமாகப் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கட்டணம் வாங்கும் ஆலோசகர்

செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் யாரிடமும் கமிஷன் வாங்கக் கூடாது. நாம்தான் கட்டணம் கொடுக்க வேண்டும். அதற்கும் வரம்பு இருக்கிறது: நிலையான தொகை என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 1,51,000 ரூபாய் வரை, ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தில் சதவீதமாக என்றால் 2.5 சதவீதம் வரை. ஒப்பந்தம் எழுத வேண்டும், ரொக்கமாக வாங்கக் கூடாது, இவ்வளவு லாபம் வரும் என்று உறுதி கொடுக்கக் கூடாது. நாடு முழுவதற்கும் இவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆகவே நான்கு ரோட்டில் பலகை தேடி அலைவதைவிட, சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவரிடம் வீடியோ காலில் பேசுவதுதான் நடக்கிற காரியம்.

கமிஷன் இல்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு இதுதான் சிறந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 20 லட்சத்துக்கு 2.5 சதவீதம் வாங்கினால் வருடம் 50,000. விநியோகஸ்தரின் ஒரு சதவீதத்தைவிட இரண்டரை மடங்கு! சதவீதக் கட்டணக்காரருக்கும் அவருக்கென்று ஒரு சாய்வு உண்டு: நீங்கள் பணத்தை எடுத்து வீட்டுக் கடனை அடைத்தாலோ நிலம் வாங்கினாலோ அவர் வருமானம் குறையும். நிலையான கட்டணம் வாங்குபவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. நகையை மீட்கச் சொல்லக்கூடியவர் இவர் ஒருவர்தான்.

நிலையான கட்டணம் எவ்வளவு தொகைக்குக் கட்டுப்படியாகும்? வருடம் 25,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 29,500 என்று வைத்துக்கொள்வோம். ஈக்விட்டி ஃபண்டில் போடும் பணம் 5 லட்சம்தான் என்றால் அது 5.9 சதவீதம், பைத்தியக்காரத்தனம். 29.5 லட்சம் என்றால் சரியாக 1 சதவீதம், விநியோகஸ்தருக்குச் சமம். 60 லட்சம் என்றால் அரை சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. ஓசூரில் கணவன் மனைவி இருவரும் கம்பெனி வேலையில் இருந்து 60 லட்சம் சேர்த்திருக்கும் குடும்பத்துக்கு இவரைத்தான் சொல்வேன். நடுவில் இருப்பவர்கள் ஒரு முறை மட்டும் கட்டணம் கொடுத்துத் திட்டம் எழுதி வாங்கிக்கொண்டு, டைரக்ட் பிளானில் தாங்களே போட்டுவிட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி ஒரு முறை போய்க் கேட்கலாம். அதற்குச் சம்மதிக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

போனில் முதலீடு செய்யும் ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டைரக்ட் ஃபண்ட் இலவசமாகத் தருகிறார்கள், பங்கு வர்த்தகத் தரகிலும் கடனிலும் சம்பாதிக்கிறார்கள். அதனால்தான் எஸ்.ஐ.பி. போட வந்தவனுக்கு ஆப்ஷன் வர்த்தக (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் போல ஆடுவது) அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியே கணக்கெடுத்துச் சொன்னது. அறிவிப்பை அணைத்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது மிக மலிவான வழி.

யாரும் போன் பண்ணாத திட்டம்

இனி சித்தப்பாவுக்கு வருவோம். அவரிடம் பேசிய யாரும் சொல்லாத ஒன்று மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அஞ்சலகத்திலும் வங்கியிலும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் உச்சவரம்பை 30 லட்சமாகவும் வட்டியை 8.2 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். கணக்குத் தொடங்கும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருடமும் மாறாது. ஏன் யாரும் சொல்லவில்லை? 2011 டிசம்பரில் இதற்கும் பி.பி.எஃப்.புக்கும் ஏஜென்ட் கமிஷனை அரசு எடுத்துவிட்டது. அதே சமயத்தில் அஞ்சலக ஆர்.டி. பிடிக்கும் பெண் முகவர்களுக்கு 4 சதவீதக் கமிஷனை அப்படியே விட்டார்கள். அதனால் ஆர்.டி. அக்கா மட்டும் மாதாமாதம் தெருவுக்கு வருகிறார். அந்த 4 சதவீதத்தை அரசு தருகிறது, நம் வட்டியிலிருந்து போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் முடிவானது இது. 14 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில், 8.2 சதவீதக் கணக்கில் மூன்று மாதத்துக்கொரு முறை 28,700 ரூபாய் வரும். 1 லட்சம் சேமிப்புக் கணக்கில், கைச்செலவுக்கு. மீதி 5 லட்சம் மியூச்சுவல் ஃபண்டில். இந்த ஐந்தை டைரக்டில் போடலாமே என்று நான் சொன்னேன். "நீ பெங்களூர்ல இருப்ப, எனக்கு நாமினி மாத்தணும்னா யாருப்பா வருவா?" என்றார். நியாயமான கேள்வி. வருடம் சுமார் 5,000 ரூபாய்க்கு, கேஒய்சி சரிசெய்யவும் பணம் எடுக்கும் படிவம் நிரப்பவும் வீட்டுக்கு வரும் ஒரு விநியோகஸ்தர் கிடைக்கிறார் என்றால் அது விலைக்கேற்ற சேவை. அப்படியே வாங்கினோம். மாணவருடைய 12 வருட பாலிசியை மட்டும் எடுக்கவில்லை. அவருக்கு வருத்தம்தான், இன்னும் வணக்கம் சொல்கிறார்.

எவரிடம் போனாலும் முதலில் எண்ணைக் கேளுங்கள். விநியோகஸ்தர் என்றால் ஏ.ஆர்.என். என்ற பதிவு எண், ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி இணையதளத்தில் தட்டினால் செல்லுபடியாகிறதா என்று தெரியும். ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்று தொடங்கும் செபி பதிவு எண். விநியோகஸ்தர் தன் பலகையில் ஆலோசகர் என்று எழுதிக்கொள்ளக் கூடாது என்பது 2020 முதல் விதி. எழுதியிருந்தால் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் இல்லாமல் மாதம் இவ்வளவு நிச்சயம் என்று பேசுபவரிடம் கட்டணத்தை ஒப்பிடவே தேவையில்லை. 2012ல் ஈமு கோழி, பத்து வருடம் கழித்து ஆருத்ரா நிதி நிறுவன மோசடி, எல்லாவற்றிலும் ஆள் பிடித்தவர்களுக்குக் கொழுத்த கமிஷன் இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, இருக்கிற ரெகுலர் பிளானை நாளைக்கே டைரக்டுக்கு மாற்றிவிட வேண்டாம். வருமான வரிக் கணக்கில் அது விற்றுவிட்டு மறுபடி வாங்குவதற்குச் சமம். ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருடத்துக்குள் மாற்றினால் லாபத்துக்கு 20 சதவீத வரி, பெரும்பாலான ஃபண்டுகளில் 1 சதவீத வெளியேறும் கட்டணமும் சேரும். ஒரு வருடம் தாண்டியிருந்தால் நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஆகவே புதிதாகப் போடும் பணத்தை முதலில் டைரக்டில் தொடங்கிவிட்டு, பழையதை மார்ச்சுக்கு முன் கொஞ்சம், ஏப்ரலுக்குப் பின் கொஞ்சம் என்று அந்த ஒன்றேகால் லட்சத்துக்குள் அடங்குமாறு பிரித்து மாற்றுங்கள்.